ஈயக் குண்டு வைத்த கரண்டுப் பொட்டி

மணல்மேட்டுக் குப்பத்து செல்வம்மாளுக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அவளிடமே போய்ச் சொன்னால், "ஆமா, நீளந்தான், இன்னா இப்போ? அளந்து பாக்கறியா?" என்பாள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இல்லை, நாக்கு நுனியிலேயே இருந்தது. பழவேற்காட்டு பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற விடாத கண்டக்டரை அவள் கேட்ட கேள்வியில், அந்த ஆள் அப்புறம் அந்த வண்டி பக்கமே டூட்டி வாங்கவில்லை. அதெல்லாம் பொழுதுபோகாத கோபம். நெஞ்சு வேகிற கோபம் ஒன்று அவளுக்கு வந்தது. அதைத்தான் சொல்ல வேண்டும்.

ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டுதான் அவள் ஊர். பிறந்ததும் அங்கே, வாழ்க்கைப்பட்டதும் அங்கே. புருஷன் கன்னியப்பன். அவள் பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தை பேசுகிற ஆள். கட்டுமரத்தில் கடலுக்குப் போவான், வந்து மீனை அவள் முன்னால் கொட்டிவிட்டு வலையை உதறப் போய்விடுவான். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு படகில் ஏரியைக் கடந்து, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, காட்டூர் இறங்கித் தெருத்தெருவாகக் கூவுவாள். மீந்தது அனுப்பம்பட்டு ஸ்டேஷன் வரை போகும். ஒரே மகன் சின்னதம்பி. அப்பனைப் போலவே ஊமைக்கோட்டான். "இந்த வூட்ல நான் ஒருத்திதான் பேச வேண்டியிருக்குது, அதான் சேத்துப் பேசறேன்" என்பாள்.

அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதை வாங்கினாலும் முதலில் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்பார்கள். வலைக்குக் கட்டுகிற ஈயக் குண்டை வீட்டிலேயே உருக்கி ஊற்றுகிற ஜனம் அது. குண்டு இலேசாக இருந்தால் வலை கடலடியில் நிற்காது, நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விடும். ஆகவே கனம் இருந்தால் நல்ல சரக்கு, இல்லாவிட்டால் ஏமாத்து. இது அவர்கள் இரத்தத்தில் ஊறியது. துடைப்பம் வாங்கினாலும் தூக்கிப் பார்ப்பார்கள், அம்மி வாங்கினாலும் தூக்கிப் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த கன்னியப்பனின் அம்மா, செல்வம்மாளின் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாளாம். அதைச் சொல்லிச் சொல்லி அவள் சிரிப்பாள். அப்போது சிரித்தாள்.

எழுபதுகளின் நடுவில் குப்பத்துக்குக் கரண்டு வந்தது. வீடுகளுக்கு இல்லை, தெருவில் நாலு கம்பத்துக்கும் மீன் ஏலம் விடுகிற கொட்டாய்க்கும் மட்டும். அந்தக் கொட்டாயில்தான் சர்க்கார் கொடுத்த பஞ்சாயத்து ரேடியோ இருந்தது. அது பேட்டரிக் கட்டையில் ஓடுகிற ரேடியோ. கட்டை போட்டு மாளவில்லை. பாதி நாள் ரேடியோ பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். கரண்டுதான் வந்துவிட்டதே, அதிலேயே ஓட்டினால் என்ன என்று கிராமத்தார் கூடிப் பேசினார்கள். ஆனால் கம்பத்துக் கரண்டு இருநூற்று முப்பது வோல்ட். ரேடியோவுக்கு வேண்டியது ஒன்பது. நேரே கொடுத்தால் பொசுங்கிப் போகும். நடுவில் ஒரு பொட்டி வைத்து இறக்கிக் கொடுக்க வேண்டும். எலிமினேட்டர் என்று அதற்குப் பெயர். குப்பத்தில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை, கரண்டுப் பொட்டி என்றே சொல்லிவிட்டார்கள்.

பொட்டி வாங்க ஊர்த்தலைவர் அர்ஜுனன் நாட்டார் கிளம்பினார். அன்றைக்கு அதே படகில் கூடையோடு செல்வம்மாளும் போனாள். பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் ஜெகபர் அலி. அவரே பொட்டியும் செய்து விற்பார். பேரம் பேசத் தனக்கு ஒரு வாய் வேண்டும் என்று நாட்டார் அவளையும் கடைக்குக் கூட்டிப்போனார்.

ஜெகபர் அலி முதலில் எடுத்து வைத்தது ஒரு சின்னப் பொருள். பச்சை நிற பிளாஸ்டிக் சோப்பு டப்பா, அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒயர்.

"இத்த வாங்கிக்குங்க நாட்டாரே. சின்னதா இருந்தாலும் சரக்கு சுத்தம். சத்தமே வராது" என்றார்.

நாட்டார் அதை உள்ளங்கையில் வைத்து ஏற்றி இறக்கினார். முகம் சுருங்கியது. செல்வம்மாளிடம் கொடுத்தார். அவளும் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா பாய், குளிக்கப் போறோமா?" என்றாள். "ஊருக்கே ரேடியோ ஓட்டணும். சோப்பு டப்பாவை நீட்டறியே!"

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். ஜெகபர் அலியின் முகம் தொங்கிப்போனது. உள்ளே போனவர், கொஞ்ச நேரம் கழித்து ஒரு தகரப் பொட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார். நாட்டார் தூக்கிப் பார்த்தார். செல்வம்மாளும் தூக்கிப் பார்த்தாள். கை தாழ்ந்தது. "இதுதான் பொட்டி!" என்றாள் அவள். விலையும் சோப்பு டப்பாவை விடக் குறைச்சல். ஏரி கடக்கும்போது அவள்தான் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பொட்டி வேலை செய்தது. ஆனால் போட்ட நிமிஷத்திலிருந்து ரேடியோ உறும ஆரம்பித்தது. ஒரு பெரிய வண்டு காதுக்குள் போய் மாட்டிக்கொண்ட மாதிரி விடாத உறுமல். பாட்டு ஓடும்போது உறுமல் பாட்டுக்கு அடியில் போய்விடும், பாதகமில்லை. யாராவது பேசினால்தான் வம்பு. பேச்சு மேலே வராது, உறுமல்தான் மேலே நிற்கும், கேட்டால் தலை வலிக்கும். ஆகவே குப்பத்தில் தானாக ஒரு பழக்கம் வந்தது. பாட்டு வந்தால் ஏற்றுவார்கள், பேச்சு வந்தால் திருகி அமுக்குவார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. குழந்தை முதற்கொண்டு எல்லாருக்கும் கை பழகிப்போனது. பேச்சு முடிந்திருக்கும் என்று தோன்றும்போது மறுபடி ஏற்றுவார்கள்.

மறு வருஷம் கார்த்திகை. ஒரு நாள் சாயங்காலம் ஏலக் கொட்டாயில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் அங்கேதான் உட்கார்ந்து வலையில் பொத்தல் கட்டிக்கொண்டிருந்தான். பாட்டு நின்றது, யாரோ பேச வந்தார்கள், யாரோ எட்டி அமுக்கினார்கள். அவ்வளவுதான். யார் அமுக்கியது என்று பின்னால் யாருக்கும் ஞாபகமில்லை. மூச்சு விடுவதை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

விடியற்காலை வானம் சுத்தமாக இருந்தது. கடல் கொஞ்சம் கனத்துக் கிடந்தது, ஆனால் அது போன்ற கடலில் ஆயிரம் தடவை போயிருக்கிறார்கள். கட்டுமரங்கள் போயின. மத்தியானம் வாடைக் காற்று திரும்பி அடிக்க ஆரம்பித்தது. சாயங்காலத்துக்குள் தென்னை ஒவ்வொன்றும் தரையைத் தொட்டுத் தொட்டு நிமிர்ந்தது. போன மரங்களில் முக்கால்வாசி எங்கெங்கோ கரை ஏறி, ஆட்கள் நடந்து வந்தார்கள். கன்னியப்பனும் அவனோடு போன அண்ணன் முறைக்காரன் ஒருவனும் வரவில்லை. மூன்றாம் நாள் அவன் வலை மட்டும் சுருண்டு கரை ஒதுங்கியது. ஈயக் குண்டெல்லாம் அப்படியே இருந்தன. ஒவ்வொரு குண்டிலும் பக்கத்தில் இரண்டு வெட்டு. அது கன்னியப்பன் வீட்டு அடையாளம்.

செல்வம்மாள் அழுதாள். கடலைத் திட்டினாள், காற்றைத் திட்டினாள், குலதெய்வத்தை நிற்க வைத்துத் திட்டினாள். கடல்காரன் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தலையெழுத்து என்று நாலு பேர் சொன்னார்கள். அவளும் சரி என்று வாயை மூடிக்கொண்டாள். வயிறு இருக்கிறதே. முப்பதாம் நாள் காரியம் முடிந்ததும் மற்றவர் பிடித்த மீனை ஏலத்தில் எடுத்துக்கொண்டு காட்டூருக்குக் கிளம்பினாள்.

காட்டூரில் அவளுக்கு வாடிக்கை தெய்வநாயகி என்று ஒரு குடியானவர் வீட்டு அம்மாள். நெல்லும் கொடுப்பாள், மோரும் கொடுப்பாள். செல்வம்மாளின் வெறும் நெற்றியைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"ஏன் செல்வம்மா, அன்னிக்கி இன்னாத்துக்குத்தான் கடலுக்குப் போனாங்க? மொத நாள் சாயங்காலமே ரேடியோவுல சொன்னாங்களே! மீனவங்க யாரும் போவாதீங்கன்னு. நாங்க களத்துல இருந்த நெல்லையெல்லாம் வாரி உள்ள போட்டமே!"

செல்வம்மாளுக்கு முதலில் விளங்கவில்லை. "இன்னா சொன்னாங்க?" என்று மறுபடி கேட்டாள். தெய்வநாயகி மறுபடி சொன்னாள். மாடத்தில் இருந்த சின்ன ரேடியோவையும் போட்டுக் காட்டினாள். கட்டையில் ஓடுகிற ரேடியோ. யாரோ ஒரு ஆள் உரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். உறுமல் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒவ்வொரு சொல்லும் தனியாகக் கேட்டது.

மீனவனுக்குச் சொன்னது நெல்லுக்காரிக்குக் கேட்டிருக்கிறது. மீனவனுக்குக் கேட்கவில்லை. செல்வம்மாள் கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள்.

ஏரி கடந்து கொட்டாயில் போய் நின்றபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலைந்து பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். ஒயரைப் பிடுங்கினாள். தகரப் பொட்டியைத் தூக்கி வெளியே கொண்டுவந்து, நங்கூரக் கல் மேல் போட்டு இன்னொரு கல்லால் இடித்தாள். "ஏய், பைத்தியம் புட்ச்சிப் போச்சா உனக்கு!" என்று ஓடி வந்தார்கள். மூடி பிளந்தது. உள்ளே உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு ஒரு கம்பிச்சுருள், இரண்டு மூன்று சின்னச் சாமான். மீதி இடத்தில் பேப்பர் சுற்றி வைத்திருந்தது அரைச் செங்கல்.

செங்கல். அதைத்தான் தூக்கிப் பார்த்து "இதுதான் பொட்டி" என்று சொன்னாள். அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு ஏரியைக் கடந்தாள். அவள் போட்ட கூச்சலில் ஏரி அக்கரையில் வலை போட்டவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தச் செங்கல்லைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்துகொண்டு மறுநாள் பழவேற்காட்டுக்குப் போனாள். ஜெகபர் அலி யாருடைய ரேடியோவையோ பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். அதன் பக்கத்தில் செங்கல்லை டங்கென்று போட்டாள்.

"இது இன்னா பாய்?"

அவர் செங்கல்லைப் பார்த்தார். அவள் நெற்றியைப் பார்த்தார். கையிலிருந்த, ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைக் கீழே வைத்தார்.

"சொல்லுய்யா! ரேடியோவுக்குச் செங்கல் எதுக்குய்யா? என் புருஷன் செத்தான்யா! காட்டூர்க்காரிக்குக் கேட்டுது, எங்களுக்குக் கேக்கல! உன் பொட்டி போட்ட கூச்சல்ல ஊரே பேச்சு வந்தா அமுக்கிப் பழகிப் போச்சுய்யா! அல்லாவுக்குப் பதில் சொல்லுவியா நீ? பேமானி!"

கடைத்தெரு கூடிவிட்டது. ஜெகபர் அலி தலையைக் குனிந்துகொண்டே பேசினார். "நான் நல்லதத்தான் மொதல்ல எடுத்து வெச்சேன் செல்வம்மா. நீதான் குளிக்கப் போறோமான்னு கேட்ட. நீங்க கனம் கேட்டீங்க. நான் கனம் வித்தேன்."

அவள் வாயடைத்து நின்றது அந்த ஒரு தரம்தான் என்று கடைத்தெருக்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாயடைத்தாள்தான். ஆனால் சும்மா போய்விடவில்லை.

"நான் தெரியாதவ. தூக்கிப் பாத்தேன். நீ தெரிஞ்சவன், தெரிஞ்சே செங்கல்லை வெச்ச. ரெண்டும் ஒண்ணாய்யா?" என்றாள். "நான் கேட்டா வெஷத்தையும் பொட்டலம் கட்டிக் குடுப்பியா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே, அந்த உறுமல் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாள். அவர் அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கம்பத்தில் வருகிற கரண்டு அலை அலையாக வருகிறது. கம்பிச்சுருள் அதை இருநூற்று முப்பதிலிருந்து ஒன்பதாக இறக்கும், ஆனால் அலையை விட்டுவிடும். அந்த அலைதான் ரேடியோவில் உறுமுகிறது. "நம்ம முகத்துவாரம் மாதிரி வெச்சிக்க. வெளிய கடல் அடிக்குது. வாய் வழியா ஏரிக்குள்ள வந்தா அடங்கிப் போவுது. ஏரி பெருசா இருந்தாத்தான் அடங்கும். கண்டன்சர்னு ஒரு சாமான் கீது, அதுதான் ஏரி. தகரப் பொட்டியில நான் போட்டது குட்டை." நல்ல கண்டன்சரும் ஒரு டிரான்சிஸ்டரும் போட்டால் அலை செத்துவிடும், நல்ல தகடு போட்டுச் சுற்றினால் சுருளும் சின்னதாகிவிடும், ஆனால் சாமான் விலை கூட என்றார்.

"செஞ்சி குடு" என்றாள். "என் பையன் சீக்கிரமே கட்டுமரம் ஏறப் போறான். அவனையும் அந்தக் கடலுக்குத்தான் அனுப்பப் போறேன், வேற பொழப்பு ஏது எங்களுக்கு? அவன் போறதுக்கு முன்ன அந்த ரேடியோ பேசணும்."

ஜெகபர் அலி அதே மாதிரிப் பச்சை சோப்பு டப்பாவில் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அதற்காக அவள் அவரை மன்னித்துவிடவும் இல்லை.

குப்பத்தில் வேறு கூத்து நடந்தது. ஊர்ப் பொதுச் சொத்தை உடைத்தவள் அவள். கிராமத்தார் கூடி, உடைத்தவளே வேறு பொட்டி வாங்கி வைக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவள் பச்சை சோப்பு டப்பாவைக் கொண்டுபோய் அர்ஜுனன் நாட்டார் கையில் வைத்தாள். அவர் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமா இது, வெளாட்டா? சர்க்கார் ரேடியோ பொசுங்கிப் போச்சுன்னா யார் பதில் சொல்றது? கனமா ஒண்ணு கொண்டா."

"நாட்டாரே, கனமா இருந்தது செங்கல்லு! நீங்களே பாத்தீங்களே!"

"அந்தப் பாய் ஏமாத்திட்டான். அதுக்காகக் கனமே இல்லாததை வாங்கணுமா? அதுல செங்கல்லாவது இருந்துது, இதுல அதுவும் இல்லியே."

சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டினார்கள். அவள் கத்தினாள். காட்டூரில் கேட்டதைச் சொன்னாள், ஏரியும் குட்டையும் சொன்னாள். ஒரு தடவை சொருகிப் பாருங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தாள். ரேடியோ பக்கத்திலேயே விடவில்லை. "பொம்பளைக்குக் கரண்டைப் பத்தி இன்னா தெரியும்" என்றான் ஒருத்தன். "தாலி அறுத்த துக்கம், தலைக்கு ஏறிப் போச்சு" என்றாள் இன்னொருத்தி, காதில் விழுகிற மாதிரியே. அன்று வீட்டுக்கு வந்து அடுப்பைக் கூடப் பற்ற வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். இத்தனை முட்டாப்பயல்களையும் கடல் விட்டுவைத்துவிட்டு, வாய் திறக்காத ஒருத்தனை எடுத்துக்கொண்டதே என்று சுவரைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் மூலையில் கிடந்த வலையைப் பார்த்தாள். கன்னியப்பன் வலை. அதை விற்கவும் மனசில்லை, எரிக்கவும் மனசில்லை. கீழ்க் கயிற்றில் ஈயக் குண்டுகள் வரிசையாகத் தொங்கின.

கத்தியை எடுத்தாள். ஒவ்வொரு குண்டாக அறுத்தாள். சின்னதம்பி வாசலில் நின்று பார்த்தான். "நைனா வலைம்மா அது" என்றான். அவன் வாயிலிருந்து அன்றைக்கு வந்த ஒரே பேச்சு அது.

"தெரியும்டா. உன் நைனாதான் இப்போ வேலை செய்யணும்" என்றாள்.

ஜெகபர் அலி கடையில் ஒரு புதுத் தகரப் பொட்டி வாங்கினாள். பழையதை விடப் பெரியது. அதன் நடுவில் சோப்பு டப்பாவை வைத்து, ஈயத்துக்கும் ஒயருக்கும் ஒட்டுறவு இல்லாதபடி சுற்றிலும் மரப்பலகை அடித்துத் தரச் சொன்னாள். பலகைக்கு வெளியே, பொட்டி நிறைய, புருஷன் வலைக் குண்டைத் தன் கையாலேயே அடுக்கினாள். முகப்பில் ஒரு சிவப்புப் பல்பு வைக்கச் சொன்னாள். ஜெகபர் அலி பார்த்துக்கொண்டே இருந்தார். "இது இன்னா செல்வம்மா, நான் பண்ண அதே வேலை" என்றார் மெதுவாக.

"அதே வேலைதான். நீ குட்டையை மறைக்கச் செங்கல் வெச்ச. நான் ஏரியை மறைக்க ஈயம் வெக்கறேன். வாயை மூடிக்கினு மூடியைப் போடு" என்றாள்.

அர்ஜுனன் நாட்டார் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "இது பொட்டி!" என்றார். கொண்டுபோய்ச் சொருகினார்கள். சிவப்புப் பல்பு எரிந்தது. எல்லாரும் உறுமலுக்காகக் காத்திருந்தார்கள். உறுமல் வரவில்லை. "செத்துப் போச்சு" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். அதற்குள் ரேடியோவில் ஒரு பெண் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நேரம் சொன்னாள். அந்தக் கனைப்பு கூடக் கேட்டது. கொட்டாய்க்குள் யாரோ வந்துவிட்டார்கள் என்று இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "கனம்னா கனம்தான்யா!" என்றார் நாட்டார்.

ஆனால் கை பழகியது பழகியதுதான். பேச்சு வந்ததும் எவனாவது எட்டி அமுக்குவான். உறுமல் போய்விட்டது என்பது காதுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. ஆகவே சாயங்காலம் ஆனால் செல்வம்மாள் மீன் வெட்டுகிற கத்தியோடு ரேடியோ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். "எவனாவது திருகினான், விரலை வெட்டி நண்டுக்குப் போட்டுருவேன்." சிரித்தார்கள். ஒருத்தன் வேண்டுமென்றே கையை நீட்டினான். கத்தி அவன் விரலுக்கு அரை அங்குலம் தள்ளி மேஜையில் இறங்கியது. அப்புறம் யாரும் நீட்டவில்லை. மரம் தள்ளுகிற நேரத்தில் தாலி இல்லாதவள் எதிரே வரக்கூடாது என்று முணுமுணுத்தவர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை. "நான் எதிர வந்ததால எவன்டா செத்தான்? நான் வர்றதுக்கு முன்ன செத்தவனுங்களை எண்ணு" என்றாள்.

இரண்டு மழைக்காலம் போனது. பெரிய காற்று ஒன்றும் வரவில்லை. அவள் தினம் உட்கார்ந்தாள். உரத்தைப் பற்றியும் கோழி வளர்ப்பைப் பற்றியும் ஊர் முழுக்க, வேறு வழியில்லாமல் கேட்டது. சின்னதம்பி மரம் ஏறினான். அவன் கடலில் இருக்கிற ஒவ்வொரு நாளும் அவள் காட்டூர் தெருவில் கூவுகிற கூவலில் கோபம் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது.

எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ, ஐப்பசிக் கடைசி. சாயங்காலம். கொட்டாய் நிறைய ஆட்கள். அடுத்த நாள் விடியலுக்கு மரங்கள் எல்லாம் தயார். சின்னதம்பி துடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். பாட்டு நின்றது. ஒரு ஆண் குரல் வந்தது.

"மீனவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வங்கக் கடலில் உருவான புயல் கரையை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது. நாளை கடல் மிகவும் கொந்தளிப்பாக இருக்கும். மீனவர்கள் யாரும் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

ஒரு சொல் சிதறவில்லை. குரல் அவசரப்படக்கூட இல்லை. மறுபடி ஒரு முறை அதையே சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டது.

கொட்டாயில் எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். மரங்களை மேட்டுக்கு இழுக்கிற சத்தம், வலையைச் சுருட்டுகிற சத்தம், பிள்ளைகளைக் கூப்பிடுகிற சத்தம். சின்னதம்பியும் ஓடினான். எல்லா மரமும் தென்னந்தோப்பு வரை ஏறிய பிறகு ஆட்கள் மூச்சு வாங்கக் கொட்டாய்க்குத் திரும்பினார்கள். அர்ஜுனன் நாட்டார் தகரப் பொட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா? அன்னிக்கே சொன்னேன். நான் தூக்கிப் பாத்து வெச்ச பொட்டி. கனம் இருந்தாத்தான் வேலை செய்யும்!"

செல்வம்மாள் மகன் மரம் தோப்பில் கிடப்பதை இங்கிருந்தே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் நாலே பேச்சு. ஒருத்தர் வெற்றிலை மடிக்கிற நேரம். அந்த நாலு பேச்சு அன்றைக்கும் இதே கொட்டாயில், இதே ரேடியோவில், கன்னியப்பன் தலைக்கு மேலே ஓடியிருக்கிறது. அவன் வலையில் பொத்தல் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எழுந்தாள். கத்தி முனையை மூடியில் விட்டு நெம்பினாள். பொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்தாள். ஈயக் குண்டுகள் கலகலவென்று மேஜையிலிருந்து தரையில் கொட்டி, நின்றவர்கள் காலடி வரை உருண்டன. ஒருத்தன் குனிந்து ஒன்றை எடுத்தான். பக்கத்தில் இரண்டு வெட்டு. யார் வீட்டுக் குண்டு என்று அந்தக் குப்பத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

"எம் புருஷன் வலைக் குண்டு" என்றாள். "நீங்க தூக்கிப் பாத்தது இத்தத்தான். பேசினது அது இல்ல."

பலகைக்கு நடுவிலிருந்து பச்சை சோப்பு டப்பாவை வெளியே இழுத்து மேஜை மேல் வைத்தாள். ரேடியோ நிற்கவில்லை. பாட்டு தெளிவாக ஓடிக்கொண்டே இருந்தது.

"நாலு பேச்சுய்யா! நாலே நாலு பேச்சு! அதைக் கேக்க வுடாம இந்த ஊரு ரெண்டு பேரைக் கொன்னுது. நானும் சேந்துதான் கொன்னேன். நானும் தூக்கிப் பாத்தேன்!"

அர்ஜுனன் நாட்டார் மெதுவாகக் கையை நீட்டி அந்த டப்பாவை எடுத்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரிந்திருக்காது. பழகிய கை, உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் ஏற்றி இறக்கியது.

"கனமாக் கீதா நாட்டாரே?" என்று கேட்டாள் செல்வம்மாள்.

அவர் டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.